தொண்ணூறில் சுற்றும் ஃபேன்

அந்த மாதத்தில் மூன்றாவது முறை கார் கொதித்தபோது மலர்விழி பட்டுப்புடவையில் இருந்தாள். அதுதான் வினையாகிப் போனது.

குள்ளஞ்சாவடி கூட்டுரோடு. சந்தை நாள். பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி புசுபுசுவென்று கிளம்பி முன்கண்ணாடியை மறைத்தது. கருவாட்டுக் கூடைக்காரிகள் எழுந்து ஓடினார்கள். டீக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு வந்தார். மணிமாறன் மட்டும் பதறாமல் இறங்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, "பத்தே நிமிஷம்" என்றான்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கல்யாணத்துக்குக் கிளம்பிய அலங்காரத்தில், தலை நிறைய மல்லிகையோடு, ஒரு உரக்கடை வாசலில் அவள் நின்றாள். போதாக்குறைக்கு அவள் தம்பி ராஜ்மோகன் தன் புதுக் காரில் அந்த வழியாக வந்து கண்ணாடியை இறக்கினான்.

"என்னக்கா, மாமா டீக்கடைக்கு வெந்நீர் சப்ளை பண்றாரா?"

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் மலர்விழி பூவைக்கூட எடுக்கவில்லை.

"அதை வித்துடுங்க."

மணிமாறன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். பர்மனென்ட் ஆன மாதமே அந்தக் காரை வாங்கியவன். சதுர மூஞ்சி, ஸ்டீரிங்கோடு ஒட்டிய கை கியர், முப்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுத்தான் அவன் குளிப்பான். நகரியத்தின் அகலமான சாலைகளில் அது ராஜா மாதிரி போகும். வெளியே வந்து, ஒரு ரயில்வே கேட்டிலோ கடைத்தெருவிலோ ஐந்து நிமிஷம் நின்றால் போதும், பொங்கிவிடும்.

"மலரு, வண்டி மேல தப்பு இல்ல. எஞ்சின் மெதுவா சுத்தினா அதோட ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும். நிக்கிறப்பதான் காத்து வேணும், அப்பதான் காத்து வராது. கரண்ட் ஃபேன் வெச்சா சரியாயிடும்."

"மூணு வருஷமா இதையே சொல்றீங்க."

"இந்தத் தடவை செய்யறேன். ஒரே ஒரு சான்ஸ் குடு."

மலர்விழி யோசித்தாள். அவள் தங்கை சத்யப்பிரியாவுக்கு அடுத்த மாதம் கடலூரில் நிச்சயதார்த்தம். ராஜ்மோகனின் நண்பன் ஜெப்ரின் அதற்கு வருகிறான். புதுச்சேரியில் கல்யாண போட்டோவுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவன். இந்தக் காரைப் போட்டோவில் பார்த்துவிட்டு, தரச் சொல்லி ஆறு மாதமாக ராஜ்மோகனைத் துளைத்துக்கொண்டிருக்கிறான்.

"நிச்சயதார்த்தத்துக்கு இதுலயே போவோம். மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் கொதிக்கலன்னா கார் நம்மகிட்ட இருக்கட்டும், நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். கொதிச்சா சாவியை அங்கேயே ஜெப்ரின் கையில குடுத்துடணும். சரியா?"

மணிமாறன் வாசலில் நின்ற காரை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "சரி."

உள்ளேயிருந்து அவன் அம்மா விருத்தாம்பாளின் குரல் வந்தது. "நான் சாட்சி. அந்தக் கட்ட வண்டிய விக்கணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா ரெண்டு பேரும் அப்பால மாத்திப் பேசக் கூடாது."

*

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில், குவார்ட்டர்ஸ் வாசலில் வேலை தொடங்கியது. ஸ்கிராப் ஆன ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய இரண்டு ஃபேன்கள், அவற்றுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஒரு ரிலே, ஃபியூஸ் போடும் சின்னக் கறுப்பு டப்பா, தடிமனான சிவப்பு ஒயர், புத்தம்புது டெம்பரேச்சர் மீட்டர் எல்லாம் பழைய போர்வை மேல் வரிசையாக இருந்தன.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாக்கியசாமி அனல் மின் நிலையத்தில் வெல்டர். காபி டம்ளரோடு வந்து மதில் மேல் சாய்ந்தார்.

"என்ன தம்பி, காருக்கு ஏசியா?"

"ஃபேன்ணே."

"ரெண்டா! எங்க வூட்லயே ஒண்ணுதான் ஓடுது."

மணிமாறன் எஞ்சினோடு சுற்றும் இரும்பு ஃபேனைக் கழற்றி எறிந்தான். ரேடியேட்டரின் முதுகில் புது ஃபேன்கள் இரண்டையும் பொருத்தினான். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரை ஃபியூஸ் வழியாக ரிலேவுக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் நம்பர் வளையம் மாட்டினான். மூலையில் திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரே அளவு வளைவு, ஒரே இடைவெளியில் கட்டு.

"இது காரா, சப்ஸ்டேஷனா?" என்றார் பாக்கியசாமி.

"ஒயரு நேரா இருந்தாத்தான்ணே நாளைக்கு ஃபால்ட் வந்தா கண்டுபுடிக்க முடியும்."

"நாளைக்கே வருமா?"

மலர்விழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு காய் நறுக்கப் போனாள்.

பதினோரு மணிக்கு முதல் சோதனை. ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறதா என்று பார்க்க, காரின் முன்பக்கக் கிரில்லில் மணிமாறன் ஒரு செய்தித்தாளை வைத்துப் பிடித்தான். சுவிட்சைப் போட்டதும் தாள் கிரில்லோடு ஒட்டுவதற்குப் பதில் பறந்து போய் பாக்கியசாமியின் முகத்தில் அறைந்தது.

"தம்பி, நான் காலையிலயே படிச்சிட்டேன்!"

இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டான். இந்த முறை தாள் கிரில்லில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் மீட்டர். எஞ்சின் தலையில் ஒரு சென்சாரை முறுக்கி, அதிலிருந்து ஒரு ஒற்றை ஒயரை டேஷ்போர்டுக்கு இழுத்தான். நாற்பதிலிருந்து நூற்றிருபது வரை எண்கள், நூற்றிப்பத்துக்கு மேல் சிவப்புக் கோடு; மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் அதுவரை தண்ணீர் கொதிக்காது. மலர்விழியைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான்.

"தொண்ணூறு வந்தா ஃபேன் தானா ஆரம்பிக்கும். எண்பத்திரெண்டுல தானா நிக்கும். வரலன்னா இந்தச் சுவிட்சைப் போடணும். இவ்ளோதான்."

முள் மெல்ல ஏறியது. எழுபது. எண்பது. மலர்விழி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஜுரம் பார்த்து சார்ட்டில் குறிக்கிறவள். ஒரு எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது.

"எண்பத்தஞ்சு... எண்பத்தெட்டு... ஏங்க, தொண்ணூறு!"

பானட்டுக்குள்ளிருந்து 'ஊஊம்' என்று ஒரு பெருமூச்சு. இரண்டு ஃபேனும் சேர்ந்து சுற்றின. முள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு இறங்கத் தொடங்கியது.

"பாத்தியா?" என்றான் மணிமாறன். முகம் முழுக்க கிரீஸ், அதில் இவ்வளவு பெரிய சிரிப்பு. மலர்விழிக்கு அந்த முகத்தைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது. பந்தயம் நினைவுக்கு வந்து, "நாளைக்குப் பாப்போம்" என்று இறங்கிவிட்டாள்.

மதியம் ஒரு விபத்து நடக்க இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு மணிமாறன் ஃபேனுக்குப் பக்கத்தில் கையை விட்டுக் கட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே வந்து உட்கார்ந்த விருத்தாம்பாள், "இது இன்னாடா பொத்தான்?" என்று சுவிட்சைத் தட்டிவிட்டாள். ஊஊம். கையை இழுப்பதற்கும் இறக்கை சுற்றுவதற்கும் ஒரு விரல்கடை இடைவெளி.

"யம்மா!"

"நான் இன்னா பண்ணேன்? பொத்தான்னா அமுக்கத்தானே வெச்சிருக்குது?"

மணிமாறன் உள்ளே போய்த் தன் சுரங்கப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து வந்தான். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலியான டப்பாவில் அட்டையை நூலால் கட்டினான். சுரங்கத்தில் அதுதான் முறை. லைனில் கை வைக்கிறவன் ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையிலேயே வைத்துக்கொள்வான், தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவான். வேலை முடிந்ததும் அவனே வந்து எடுத்து, 'லைன் கிளியர்' சொல்ல வேண்டும். மேலதிகாரியே ஆனாலும் அடுத்தவன் அட்டையில் கை வைக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் அட்டையை அவிழ்த்து, ஃபியூஸைப் போட்டு, இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். எல்லாம் சரி.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. சீர்த்தட்டுகள் பின்சீட்டில் ஏறிவிட்டன. வேட்டியும் நீலச் சட்டையுமாகக் கிளம்பி நின்ற மணிமாறனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஜாயிண்டில் டேப் கொஞ்சம் விலகியிருந்த மாதிரி ஒரு சந்தேகம். பானட்டைத் திறந்து குனிந்தான்.

பத்து நிமிஷம் கழித்து அவன் போன் அடித்தது. சுரங்கத்திலிருந்து. கன்வேயர் பெல்ட் மோட்டார் ஒன்று டிரிப் ஆகி நிற்கிறது, டூட்டியில் இருக்கிறவர் ஒருத்தர்தான், ஜீப் அனுப்பிவிட்டார்கள்.

"இன்னிக்கா?" என்றாள் மலர்விழி.

"போயே ஆகணும் மலரு. பெல்ட்டு நின்னா எல்லாம் நின்னுடும்." அவன் பானட்டை மூடிவிட்டு, வேட்டியை மாற்ற உள்ளே ஓடியபடியே சொன்னான். "நீங்க ராஜ்மோகனை வரச் சொல்லி அவன் கார்ல போயிடுங்க. பந்தயத்தை இன்னொரு நாள் வெச்சிக்கலாம்."

"இன்னொரு நாளெல்லாம் கிடையாது. நான் ஓட்டறேன்."

"நீயா? கை கியர் உனக்கு..."

"பிளாக்கைச் சுத்தி நாலு தடவை ஓட்டியிருக்கேன்ல? லைசென்ஸ் இருக்கில்ல?"

ஜீப் வாசலில் ஹாரன் அடித்தது. அவன் சாவியை அவள் கையில் வைத்தான். வைத்த பிறகும் இரண்டு நொடி விடவில்லை.

"மீட்டரைப் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன். போங்க."

பக்கத்து சீட்டில் விருத்தாம்பாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். "மெதுவாவே போ. எனக்கு ஒண்ணும் அவுசரம் இல்ல."

வடலூர் வரை கல்யாண ஊர்வலம் மாதிரிப் போயிற்று. மூன்றாவது கியர் இரண்டு முறை முரண்டு பிடித்தது, பிறகு கைக்கு வந்தது. முள் எண்பத்திரண்டில் அசையாமல் நின்றது. இந்தக் காரை இவ்வளவு நாள் அவள் பக்கத்து சீட்டிலிருந்தே பார்த்திருக்கிறாள். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பானட் நீளமாக, கம்பீரமாக இருந்தது. மணிமாறன் இதைச் சும்மா பிடித்துக்கொண்டு தொங்கவில்லை என்று தோன்றியது. தோன்றியதை உடனே அடக்கினாள். அவள் இந்தக் காரை விற்க வந்தவள்.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டுவதற்குள் ரயில்வே கேட் மூடிவிட்டது.

முன்னால் மணல் லாரி, பின்னால் பஸ். முள் நகர்ந்தது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. மலர்விழி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெருமூச்சு வரவில்லை. தொண்ணூற்றி நாலு. சுவிட்சைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை.

"இன்னாம்மா?"

"ஃபேன் வரல அத்தே."

"போச்சா! கொதிக்கப் போவுதா?" விருத்தாம்பாள் பூக்கூடையை இறுக்கிக்கொண்டாள். "அப்ப உனக்குத்தான் ஜெயம்."

உண்மைதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இன்னும் ஐந்து நிமிஷம், ஆவி வரும், சாவி ஜெப்ரின் கைக்குப் போகும், இனிமேல் எந்தக் கூட்டுரோட்டிலும் பட்டுப்புடவையோடு நிற்க வேண்டாம்.

தொண்ணூற்றி ஒன்பது.

மலர்விழி எஞ்சினை அணைத்தாள். முள் தெரிவதற்காகச் சாவியை மட்டும் ஒரு திருப்பு போட்டு வைத்தாள். அணைத்த பிறகும் முள் ஏறிற்று. நூற்றி இரண்டு. நூற்றி மூன்றில் நின்று, மனமில்லாமல் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் மூச்சே விட்டாள்.

"ஏம்மா, நீ எந்தக் கட்சி?" என்றாள் விருத்தாம்பாள்.

"தெரியலை அத்தே. ஏறுறது கண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சிகிட்டே எப்படி விடறது?"

கேட் திறந்தது. ஓடத் தொடங்கியதும் காற்று பட்டு முள் எண்பத்தைந்துக்கு வந்தது. மலர்விழிக்கு நோயாளியின் குணம் புரிந்துவிட்டது. ஓடினால் சுகம், நின்றால் ஜுரம். "அத்தே, நீங்க நம்பரைப் படிங்க. நான் ரோட்டைப் பாக்கறேன்."

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? ஒத்த நம்பருதான் தெரியும். முள்ளு இப்போ எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவால குந்திகினு இருக்குது."

"அது போதும்."

மாட்டுவண்டியின் பின்னால் ஊர்ந்தபோது, "ஒம்பதைத் தாண்டுச்சு, முந்திக்கோ!" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டபோது, "எறங்குது, எறங்குது, நல்ல புள்ள" என்றாள். நல்ல புள்ள என்றது மருமகளையா காரையா என்று மலர்விழி கேட்கவில்லை.

குள்ளஞ்சாவடியில் எல்லாம் நின்றது.

முகூர்த்த நாள். கூட்டுரோட்டில் மூன்று பக்கமும் கல்யாண வேன்கள். முன்னே நகரவும் வழி இல்லை, பின்னே நகரவும் வழி இல்லை. முள் நூற்றி ஐந்தைத் தொட்டபோது மலர்விழி ஸ்டீரிங்கை ஒடித்துக் காரைச் சாலையிலிருந்து இறக்கினாள். எஞ்சினை அணைத்தாள். அணைத்த பிறகு முள் நூற்றி எட்டு வரை போய், சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே அதே உரக்கடை.

"இந்த வண்டிக்கு நிக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கல" என்றாள் விருத்தாம்பாள்.

மலர்விழி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானட்டைத் தூக்கினாள். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. மணிமாறனின் ஒயர்கள் நம்பர் வளையங்களோடு வகிடு எடுத்த மாதிரி கிடந்தன. சிவப்பு ஒயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். பேட்டரி. டப்பா. டப்பாவில் சிவப்பு அட்டை தொங்கியது.

ஆட்கள் வேலை செய்கிறார்கள். இணைப்புக் கொடுக்காதே. கீழே அவன் கையெழுத்தில்: மணிமாறன். காலை 7.40. வேலை: ஜாயிண்ட் டேப்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

மலர்விழிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. ஃபியூஸ் சுரங்கத்துக்குள் இருக்கிறது. அவன் சட்டைப் பையில், நூறு மீட்டர் ஆழத்தில், பெல்ட் மோட்டாருக்குப் பக்கத்தில்.

பக்கத்தில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மினி லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். முப்பது வயசிருக்கும். "என்னக்கா, ஹீட்டா?"

"ஃபியூஸ் இல்ல தம்பி."

"நம்ம வண்டியில ஸ்பேர் இருக்குதுக்கா. எத்தினி ஆம்பியர்?" கேட்டுக்கொண்டே கேபினிலிருந்து ஒரு பச்சை நிற ஃபியூஸை எடுத்து வந்தான். "முப்பது. போதுமா? குடுங்க, சொருவிடறேன்." கை அட்டையை நோக்கிப் போயிற்று.

"தொடாதே!" மலர்விழியும் விருத்தாம்பாளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "இன்னாக்கா, ஷாக் அடிக்குமா?"

"அது எம்புள்ள அட்டை" என்றாள் விருத்தாம்பாள். "அவன்தான் எடுக்கணும். அவுங்க அப்பாரு காலத்துலேர்ந்து அதான் சட்டம்."

"அவரு எங்கம்மா?"

"சொரங்கத்துல."

மினி லாரிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டம் கிடக்கட்டும், மலர்விழிக்குப் பயம் வேறு. அட்டை தொங்குகிறது என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். எந்த ஜாயிண்டை அவிழ்த்தானோ, எதை மூடாமல் விட்டானோ. ஃபியூஸைச் சொருகி ஒயர் பற்றிக்கொண்டால் கொதிப்பதற்குப் பதில் எரிந்து போகும்.

மணிமாறன் செல்லுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. எலக்ட்ரிகல் பிரிவின் நம்பருக்கு அடித்தாள். யாரோ எடுத்தார்கள், ஆளைக் கூப்பிடப் போனார்கள். போனுக்குள் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் சரியாகிவிட்டது போலிருக்கிறது. மூன்று நிமிஷம் கழித்து மூச்சிரைக்க அவன் குரல்.

"மலரு? என்ன ஆச்சு? இடிச்சிட்டியா?"

"இல்ல. சட்டைப் பையைப் பாருங்க."

"என்னது?"

"பையில கையை விடுங்கன்னேன்."

போனில் துணி உரசுகிற சத்தம். பிறகு, "ஐயையோ!"

"ஜாயிண்ட் முடிச்சிட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"முடிச்சிட்டேன். டேப் சுத்தியாச்சு. ஃபியூஸ் போடறதுதான் பாக்கி, அப்பதான் போன் வந்துச்சு. மலரு, நான் ஒரு மடையன்."

"அது அப்புறம். இங்க ஒரு தம்பிகிட்ட முப்பது ஆம்பியர் ஃபியூஸ் இருக்கு. உங்க அட்டை தொங்குது. லைன் கிளியர் குடுங்க."

சுரங்கத்தில் பேசுகிற குரலில், பதில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மணிமாறன் பேசறேன். என் வேலை முடிஞ்சிடுச்சு. என் ஆளுங்க, சாமான் எல்லாம் லைன்ல இருந்து விலகியாச்சு. என் அட்டையை எடுக்க மலர்விழிக்கு அனுமதி குடுக்கறேன். லைன் கிளியர்."

"மணி ஒன்பதே கால். குறிச்சிக்குங்க."

"குறிச்சிக்கறேன்."

அவள் போனை விருத்தாம்பாளிடம் கொடுத்துவிட்டு அட்டையை அவிழ்த்தாள், பச்சை ஃபியூஸை அழுத்தினாள். போய்ச் சாவியைத் திருப்பினாள். சூடு இன்னும் தொண்ணூறுக்கு மேலேயே இருந்ததால் சுவிட்சைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஊஊம் என்று இரண்டு ஃபேனும் ஒன்றாகக் கிளம்பின. மினி லாரிக்காரன் கைதட்டினான்.

"உங்க பேர் என்ன தம்பி?"

"அருள்க்கா."

"ஒரு பொட்டலம் பூந்தி எடுத்துக்கங்க அருள். நிச்சயதார்த்த பூந்தி."

மணிமாறன் போனில் இன்னும் இருந்தான். விருத்தாம்பாள் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மருமகளிடம் நீட்டினாள். "இன்னாவோ சொல்றான், பாரு."

"மலரு," அவன் குரல் இறங்கியிருந்தது. "தப்பு என்னுது. நடுரோட்டுல உன்னை மறுபடி அதே எடத்துல நிக்க வெச்சிட்டேன். கொதிச்சுதோ இல்லையோ, தோத்தது நான்தான். ஜெப்ரின்கிட்ட சாவியைக் குடுத்துடு. நான் ஒண்ணும் நினைச்சிக்க மாட்டேன்."

மலர்விழி பதில் சொல்வதற்குள் பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். லைன் துண்டானது.

*

மண்டபத்து வாசலில் கார் நின்றபோது முள் எண்பத்தி நாலில் இருந்தது. தட்டு மாற்ற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

ராஜ்மோகன் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். கூடவே ஜெப்ரின். கறுப்புக் கண்ணாடி, கையில் கேமரா. காரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"அக்கா! நீயா ஓட்டிட்டு வந்த? மாமா எங்க? சரி, அதை விடு. ஏன் லேட்டு?"

"குள்ளஞ்சாவடியில கொஞ்சம் நின்னோம்."

"அப்படிப் போடு!" ராஜ்மோகன் நண்பனின் முதுகில் தட்டினான். "சொன்னேன்ல? ஆவி பறந்துச்சா? மறுபடியும் அதே உரக்கடையா?"

"அதே உரக்கடைதான். ஆவி பறக்கல."

"நின்னாலே கொதிச்சதா அர்த்தம்க்கா. பேச்சு பேச்சா இருக்கணும். சாவியைக் குடு."

"அடேய்," என்று குரல் வந்தது. விருத்தாம்பாள் சீட்டிலிருந்து பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். "நான் பக்கத்துலயே குந்திகினு வந்தேன். முள்ளு செவப்புக்கு இந்தாண்டையே நின்னுகிச்சு. கொதிக்கல. எங்கூட்டு சாமி படத்து மேல சத்தியமா கொதிக்கல. நானே இந்தக் கட்ட வண்டிய விக்கணும்னு சொன்னவ. அதனால நான் சொல்றதுதான் செல்லும்."

ராஜ்மோகன் சிரித்துவிட்டான். ஜெப்ரின் சிரிக்கவில்லை. மரியாதையாக மலர்விழியின் பக்கம் திரும்பினான்.

"பந்தயத்தை விடுங்கக்கா. நீங்க விக்கணும்னு சொன்னீங்கன்னுதான் நான் வந்தேன். நல்ல விலை தரேன். பத்திரமா வெச்சிப்பேன். இப்ப நீங்க என்ன சொல்றீங்க?"

இப்போது அவள் சரி என்று சொல்லலாம். மணிமாறனே கொடுத்துவிடச் சொல்லிவிட்டான். அவன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டான், அப்படித்தான் சொல்லுவான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சீக்கிரம் குளித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். அதுகூடப் பெரிதில்லை, வேறு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வான். ஆனால் காலையிலிருந்து ஒன்றரை மணி நேரமாக அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்து, ஓட்டி, அணைத்து, இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தது அவள். ஜுரம் இறங்கின கையோடு ஒருத்தரைத் தூக்கி இன்னொருத்தர் கையில் கொடுப்பதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

"மன்னிச்சிக்குங்க ஜெப்ரின்" என்றாள். "விக்கல. போட்டோ வேணா எடுத்துக்குங்க."

ஜெப்ரின் ஒரு பெருமூச்சு விட்டு, பானட்டை ஒரு முறை தடவினான். "ஃபேன் ஒயரிங் யாரு பண்ணது? திறந்து பாக்கலாமா?"

"பாருங்க. தொடாதீங்க."

விசேஷம் முடிந்து சாப்பாடும் ஆன பிறகு மணிமாறன் போன் செய்தான். ஷிப்ட் முடிகிற வரை இருக்கச் சொல்லிவிட்டார்களாம், இப்போதுதான் வடலூரிலிருந்து பஸ் ஏறியிருக்கிறானாம். தங்கை எப்படி இருக்கிறாள், தட்டு எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா, அம்மா சாப்பிட்டாளா என்று ஊரை எல்லாம் விசாரித்தான். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவன் படுகிற பாடு போனிலேயே தெரிந்தது. மலர்விழியும் உடனே சொல்லிவிடவில்லை. அரை நிமிஷம் அவனைத் தவிக்கவிட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்காதீங்க. பீச் ரோட்டுக்கு வந்துடுங்க. சத்யப்பிரியாவையும் அவ ஃபிரெண்ட்ஸையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

"எதுல?"

"எதுலன்னா? நம்ம வண்டியிலதான்."

பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. கண்டக்டர் யாரிடமோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். வந்துட்டே இருக்கேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடலூர் பீச் ரோட்டில் ஊரே திரண்டிருந்தது. பின்சீட்டில் பட்டும் பூவுமாக நான்கு பெண்கள், முன்னால் நிச்சயமான பெண். கார் ஒரு அடி நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தது. முள் எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. மலர்விழி சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

ஊஊம்.

சத்யப்பிரியா திடுக்கிட்டு டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா அது?"

"உங்க மாமா" என்றாள் மலர்விழி. அதைச் சொல்லிக்கொண்டே, கூட்டத்தில் பீச் பக்கமாக வேகவேகமாக நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு நீலச் சட்டையைப் பார்த்து ஹாரனை அழுத்தினாள்.